சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சுவிட்ச்

செங் என்ற ஊர்ப் பக்கம் வாங்கிய வீட்டில் நாங்கள் பால் காய்ச்சிய நாள் அது. சமையலறையில் புது இண்டக்‌ஷன் அடுப்பு. அதற்கு நேர் மேலே சுவரில் இருந்த மெயின் சுவிட்ச் அசிங்கமாகத் தெரிகிறதென்று, அதை மறைத்து முருகன் படத்தை மாட்டியவள் நான்தான்.

எவர்சில்வர் பானை நிறையப் பால் வைத்தேன். பொங்கியதும் அடுப்பை அணைக்கப் போனேன்.

"நல்லா வழியட்டும்லா, அண்ணி!" என்றாள் நாத்தனார். கையை எடுத்துக்கொண்டேன்.

வழிந்த பால் கண்ணாடியில் ஓடி, தொடு பட்டன்கள் மேல் தேங்கியது. பிறகு எத்தனை முறை அழுத்தியும் அடுப்பு பீப் பீப் என்று கத்தியதே தவிர அணையவில்லை.

"என்னங்க, ஆஃப் ஆக மாட்டேங்குது!"

"நீ தள்ளு, மெயின ஆஃப் பண்றேன்" என்று ஓடி வந்த என் கணவர், பானைக்கு மேலாகக் கையை நீட்டிப் படத்தைத் தூக்கினார். படத்தின் சட்டம் இடித்துப் பானை சாய்ந்தது. கொதித்த பால் அவர் வலது கையில் கொட்டியது.

புண் ஆறிவிட்டது, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. தொழிற்சாலையில் சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்துகிறவர் அவர். அந்த வேலை இனி அவருக்கு இல்லை.

இப்போது சுவிட்சைக் கைக்கு எட்டும்படி பக்கத்துச் சுவருக்கு மாற்றிவிட்டோம். பாதிப் பானைக்கு மேல் பால் ஊற்றுவதில்லை. பட்டனில் ஒரு சொட்டு விழுந்தாலும் முதலில் மெயினை அணைக்கிறேன், பிறகுதான் துடைக்கிறேன்.

முருகன் படம் ஹாலுக்குப் போய்விட்டது. தினமும் காலையில் அவர் அதன் முன் நிற்கிறார். கும்பிட எடுக்கும் கைகள் ஒன்றுசேர்வதில்லை.