மாமாவின் ஆணியில் ஒல்லாந்துக் கடல்

எங்கள் வீட்டுக் கடலுக்கு மீன்பொரியல் மணம். புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், ரொம்சோஸில் நாங்கள் இருந்த மூன்றறை வீட்டின் ஹோலில் தொங்கிய படத்தைச் சொல்கிறேன். பனிக்காலத்தில் யன்னல் திறக்க முடியாமல் அம்மா சூடைமீன் பொரிக்கும் புகையெல்லாம் அதன் கண்ணாடியில்தான் போய்ப் படியும், விரலால் இழுத்தால் கோடு விழும். பள்ளிக்கூடத்து 'லொப்பமார்க்கெட்' என்கிற பழஞ்சாமான் சந்தையில் அம்மா வாங்கி வந்த ஒல்லாந்து ஓவியம், அச்சுப் பிரதிதான். சாம்பல் நிறக் கடல், மணலில் இழுத்துவிட்ட தட்டையடிப் படகு, பக்கத்தில் ஒரு குதிரை, கூடையோடு காத்து நிற்கும் பெண்கள், முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி எங்களுக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு வாலிபன். யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டினது காணாதென்று ஒல்லாந்தன் இப்போது எங்கள் ஹோலுக்குள்ளும் வந்துவிட்டான் என்று அப்பா நக்கலடிப்பார். அம்மா சிரிக்கமாட்டார்.

அந்தக் கடல் தொங்கிய ஆணியை அப்பா அடித்தது வேறு படத்துக்காக. அம்மாவின் தம்பி, என் மாமா, சண்டைக்காலத்தில் பருத்தித்துறையிலிருந்து ஒரு விடியற்காலை கடலுக்குப் போனவர்; படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை, இன்ன இடத்தில் கண்டோம் என்ற ஒரு சொல்லும் வரவில்லை. ஆள் முடிந்துவிட்டதென்று ஊரில் எல்லோரும் சொல்ல, அப்பா மாமாவின் ஒரே படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டு வந்தார். எங்கள் ஆட்கள் ஒருவருடைய படத்தைத் தனியே சுவரில் கொழுவினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்து மாலை, பிறகு விளக்கு, பிறகு திவசம். அம்மா அதைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அடுத்த கிழமையே ஒல்லாந்துக் கடல் சுவரில் ஏறிவிட்டது.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் நிம்மதியாக இருந்ததில்லை. தொலைபேசி அடித்தால் அம்மா கறியை அடுப்பில் விட்டுவிட்டு ஓடுவார். விடுமுறைக்கு எங்காவது போவோமென்றால் "வீட்டிலை ஆள் வேணும்" என்பார். பேர்கனில் பெரியம்மா மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குக்கூட அம்மா இல்லாமல்தான் போனோம். எனக்கோ அந்த வாலிபனின் முதுகைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். திரும்பித் தொலையேனடா என்று மனதுக்குள் திட்டுவேன். சோபாவில் ஏறி, தலையைச் சாய்த்து, முகம் கொஞ்சமாவது தெரிகிறதா என்று பார்த்து ஏச்சு வாங்குவேன். ஒருநாள் அப்பா மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவு காலத்துக்குத்தான் இப்பிடி இருப்பீர்? ஒரு விளக்கை ஏத்துவம்." அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

இப்போது அப்பா இல்லை. ரொம்சோஸ் வீட்டையும் விற்றாகிவிட்டது. சாமான் ஏற்றும்போது கண்ணாடி நொறுங்கி, அந்தக் கடலும் குப்பையோடு போயிற்று. அம்மா லோறென்ஸ்கூக்கில் என்னோடு இருக்கிறார். வந்த அன்றே அப்பாவின் படத்தைத் தன் கையாலேயே கொழுவி, மாலை போட்டு, விளக்கும் வைத்தார். அந்தத் துணிவில் நான் மாமாவின் படத்தையும் எடுத்து, பக்கத்திலேயே கொழுவட்டுமா என்று கேட்டேன். அம்மா படத்தை வாங்கி, மீசை சரியாக முளைக்காத அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு இப்ப அறுபது வயசாகியிருக்கும் பிள்ளை. தலையும் நரைச்சிருக்கும். வந்து நிண்டா எனக்கு அடையாளம் தெரியுமோ எண்டுதான் பயமாக் கிடக்கு."