சவிரிமுத்து மாமாவின் அயர்லாந்துக் கப்பல்

தென்னமெரிக்கா முழுக்கச் சுற்றிவிட்டு 2007 மாசியில் நான் மொன்றியலுக்குத் திரும்பியபோது, சவிரிமுத்து மாமாவின் கப்பல் இன்னும் நடுக்கடலில்தான் நின்றது. மூன்று வருடத்துக்கு முன் நான் புறப்பட்டபோதும் அங்கேதான் நின்றது.

மாமா மன்னார்க்காரர். டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் சமையல், மற்ற நேரத்தில் கவிஞர். மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் தமிழ்ப் பூசை நடக்கும் கோயில் ஐரிஷ்காரர் கட்டியது. பங்குனி வந்தால் அவர்கள் கோயில் மண்டபத்தில் அயர்லாந்து வரலாற்றைக் கவிதையாகப் படிப்பார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம், முடிந்ததும் மணி. நேரம் மீறுகிறார் என்று தமிழ்க் கவியரங்குகள் எல்லாம் கைவிட்ட மாமாவுக்கு மிஞ்சிய ஒரே மேடை அது.

1847இல் பஞ்சத்துக்குத் தப்பி மொன்றியலுக்கு வந்த ஒரு கப்பலைத்தான் பாடினார். அதில் பிரிஜெட் என்றொரு சிறுமி. தலைமை தாங்கி மணியடிக்கும் மோரா கெல்லியின் பூட்டி, அதாவது கொள்ளுப்பாட்டி, அவள். கதையை மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்ததும் மோராதான். ஆனால் மாமா கவியரங்க முறை தவறாதவர். தலைவருக்கு, பங்குச் சுவாமியாருக்கு, சபைக்கு வணக்கம், எல்லாம் விருத்தத்தில். அதை வரிக்கு வரி நான் இங்கிலிஷில் சொல்வதும் (நான் இல்லாத வருடங்களில் என் தங்கை) அதே ஐந்து நிமிடத்துக்குள். கப்பலுக்கு மிஞ்சுவது இரண்டு அலை.

மோரா என்னைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு எண்பது வயது. கோடையில் மகளோடு வன்கூவர் போய்விடுவேன். இந்த முறையும் கப்பல் வராவிட்டால் நான் பிறக்கவே முடியாது என்று அவரிடம் சொல்."

சொன்னேன். மாமா கன்னத்தைச் சொறிந்தார்.

"வந்தா என்ன நடக்குமெண்டு தெரியும்தானே, பிள்ளை? ஆத்தங்கரைக் கொட்டிலுகளில காய்ச்சல். பிரிஜெட்டின்ர தாயும் தேப்பனும் செத்துப்போகினம். கடல்ல எண்டா எல்லாரும் இருக்கினம்."

"உங்கட வணக்கத்தாலதான் நிக்குதெண்டெல்லோ நினைச்சன்."

"ரெண்டாலையும்தான்."

குசினியிலிருந்து இமெல்டா மாமி, "கொலம்பசே இதைவிடக் கெதியா வந்தவன். சோறு ஆறுது, வாங்கோ" என்றார்.

கவிதை படிக்கும் நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. மாமா ஒலிவாங்கியைப் பிடித்தார். வணக்கம் சொல்லவில்லை. நேரே கப்பலை ஆற்றுக்குள் திருப்பினார். கொட்டில், காய்ச்சல், தாய், பிறகு தகப்பன். என் இங்கிலிஷ் தடுக்கியது. பிரிஜெட் தனியாகக் கரையில் நின்றபோது நேரம் முடிந்தது. மோரா மணியை எடுத்தார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மணி கேட்காமல் மாமாவுக்கு நிறுத்தத் தெரியாது. பிரிஜெட்டை வளர்த்தார். கால்வாயில் மண் வெட்டும் ஒருவனுக்குக் கட்டிவைத்தார். ஏழு பிள்ளைகள், ஏழுக்கும் தனித்தனியாக ஞானஸ்நானம். அடுத்துப் படிக்க இருந்தவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் மாட்டினார். ஒருவர் வெளியே போய் பார்க்கிங்குக்குக் காசு போட்டுவிட்டு வந்தார். பேரப்பிள்ளைகள் வந்தார்கள், ஓர் உலகப்போர் வந்து போனது, கடைசியில் ஒரு பனிக்காலத்தில் மோரா பிறந்தார்.

மோரா உடனே மணியை அடித்தார்.

"போதும். மிச்சம் எனக்குத் தெரியும்."