கேட்டலாக் திறந்த வெள்ளிக்கிழமை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வால்வு செய்யும் கம்பெனியில் எனக்குக் கேட் பாஸ் எழுதும் வேலை. கை சும்மா இருக்குமா? ஒரு வெப்சைட் பில்டரில் எங்கள் வால்வுகளுக்கெல்லாம் படம் போட்டு கேட்டலாக் ஒன்றைக் கட்டிவிட்டேன். கம்பெனியின் இணைய முகவரிக்கு முன்னால் 'கேட்டலாக்' என்று சேர்த்து அடித்தால் அது திறக்க வேண்டும். அந்த இணைப்பு மட்டும்தான் பாக்கி.

முதலாளி நாள் குறித்தார். "வெள்ளிக்கிழமை ஒம்பதே கால்லேர்ந்து பத்தே கால் வரைக்கும் நல்ல நேரம். அன்னிக்குத் தொறந்துட்டா வெப்சைட் வேலை உன்னுது. இல்லாட்டி என் மச்சான்கிட்ட குடுத்துடுவேன். நீ கேட் பாஸே எழுதிக்கினு இரு."

வெள்ளிக்கிழமை மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. இணைய முகவரிகளைப் பதியும் டொமைன் பக்கத்தைத் திறந்து, பெயர் கேட்ட கட்டத்தில் 'கேட்டலாக்' என்று மட்டும் அடித்தேன். பின்னால் நின்ற முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா அரைகுறையா அடிக்கிற? கம்பெனி பேரு எங்க? முழுசா அடி!"

கம்பெனி பெயரை அந்தக் கட்டம் தானாகவே சேர்த்துக்கொள்ளும். எனக்குத் தெரியும். ஆனால் கற்பூரம் எரியும்போது யார் வாதாடுவது? முழுசாக அடித்தேன். கம்பெனி பெயர் இரண்டு தடவை விழுந்தது. கேட்டலாக் திறக்கவில்லை.

பத்தே கால் ஆனதும் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். நான் சத்தமில்லாமல் திருத்தினேன். இணைப்பு பிடிக்கக் கொஞ்ச நேரமாகும். அது பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்தது. பத்து நாற்பதுக்கு வாட்ச்மேன் அண்ணன் போனோடு ஓடி வந்தார்.

"பாப்பா, தொறந்துக்கிச்சு! நம்ம வால்வு இன்னா ஷோக்கா கீது!"

"ஐயோ, கத்தாதீங்கண்ணே! ராகுகாலத்துல தொறந்துச்சுன்னு தெரிஞ்சா அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடச் சொல்வாரு."

"அப்டியா? லாரிக்காரங்களுக்கெல்லாம் லிங்க் அனுப்சிட்டனே!"

நேராக முதலாளியிடம் போனேன். "சார், பன்னெண்டே காலுக்குக் கௌரி நல்ல நேரம் இருக்கு. நீங்களே உங்க கையால தொறங்க."

சரியாகப் பன்னிரண்டே காலுக்கு அவர் மௌஸை அழுத்தினார். கேட்டலாக் பளிச்சென்று விரிந்தது.

"பாத்தியா, என் கை பட்டதும் தொறந்துக்கிச்சு! கேட் பாஸ் புக்கை வேற யார்கிட்டயாவது குடுத்துடும்மா."

நான் தலையாட்டுவதற்குள், பக்கத்தின் அடியில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்ட நான் ஆசையாக வைத்திருந்த வருகைக் கணக்கில் அவர் கண் போய் நின்றது.

"இப்பதான தொறந்தேன்? அதுக்குள்ள இருபத்தாறு பேரா?"

"கைராசி, சார்."