பதினேழு வளைவுக்குள் முடிந்த கதை

இலக்கியப் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு: அச்சாகி வந்ததும் எதிரே வருகிறவர் கையிலெல்லாம் ஒரு பிரதியைத் திணித்துவிட்டு, கடைசியில் தனக்கென்று ஒன்றும் இல்லாமல் நிற்பது. நீங்களும் நடத்தியவர் என்றால் இப்போதே தலையாட்டியிருப்பீர்கள். போடியிலிருந்து நான் கொண்டுவரும் காலாண்டிதழின் பெயர் 'பதினேழாவது வளைவு'. போடிமெட்டுப் பாதையின் கடைசிக் கொண்டை ஊசி வளைவில், பஞ்சரான ஜீப்புக்குள் உட்கார்ந்து யோசித்த பெயர். அன்று என் தலை நிறைய முடி இருந்தது.

அமெரிக்காக்காரர் கேட்டது

அமெரிக்காவில் நூறு வயதைத் தாண்டிய ஓர் இலக்கியப் பத்திரிகை இருக்கிறது. முதல் ஆசிரியர் தன் சமையலறை மேசையில் வைத்து ஆரம்பித்தாராம். மூன்று தடவை நின்றுபோய், மூன்று தடவையும் யாரோ ஒரு பைத்தியம் தூக்கி நிறுத்தியிருக்கிறது. என் இனம்! அவர்கள் இதழ் எனக்கு வரும், என் இதழ் அவர்களுக்குப் போகும். என் அலுவலகம் ஏலக்காய்க் கடை மாடியில் இருப்பதால், தமிழ் தெரியாவிட்டாலும் பிரித்ததும் முகர்ந்து பார்ப்போம் என்று எழுதுவார்கள்.

போன வருடம் ஒரு மின்னஞ்சல். தங்கள் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்கிறார்களாம். அவர்களுடைய முதல் இதழுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டியில் எங்கள் முதல் இதழும் இருக்க வேண்டுமாம். இரண்டு மாதம் அவகாசம். சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடினேன். அலமாரியைக் குடைந்தால், இரண்டாவது இதழிலிருந்து எல்லாம் இருக்கிறது, முதல் இதழ் மட்டும் இல்லை. அழுகையே வந்துவிட்டது. என் மனைவி சகுந்தலா அலமாரியையும் என்னையும் பார்த்தாள்.

"வீட்டுல இருக்க அம்புட்டுக் குப்பையையும் சேத்து வச்சிருக்கீங்க. வேணுங்கிற ஒண்ண மட்டும் தாரை வாத்துட்டீங்களே!"

எட்டு மில்லிக் கவிதை

கீழ்க்கடை யூசுப் பாய் என் முதல் சந்தாதாரர். ஏலக்காயை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிற மாதிரிதான் இதழையும் பார்ப்பார். ஒரு பக்கம் புரட்டுவார், யோசிப்பார், இன்னொரு பக்கம் புரட்டுவார். ஏலக்காயைச் சலித்தால் எட்டு மில்லிமீட்டர் ஓட்டைச் சல்லடையில் நிற்பதுதான் முதல் தரம், 'எட்டு மில்லி'. அவருக்கு உலகமே அந்தச் சல்லடைதான்.

முதல் இதழைப் பற்றிக் கேட்டதும் நெற்றியில் தட்டிக்கொண்டார். மலைமேல் எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை செய்த பொம்பளைகள் கேட்டார்களாம், அன்றைக்கே கொடுத்துவிட்டாராம். எனக்குப் பாதி உயிர் வந்தது. அதைவிட ஆவல், அவர் அந்த இதழைப் பற்றி என்ன நினைத்தார் என்பதில். இத்தனை வருடம் கழித்துக் கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்.

"கவிதையெல்லாம் எட்டு மில்லிண்ணே. உங்க தலையங்கந்தான் சல்லடையில நிக்கல."

ஜீப்புக்குள் வாசகர் வட்டம்

மறுநாள் காலை எஸ்டேட் ஜீப்பில் ஏறினேன். பத்துப் பேர் உட்காரும் இடத்தில் வேலைக்குப் போகும் பொம்பளைகளோடு பதினாறு பேர். முந்தல் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஒரு பெண் பையிலிருந்து என் இதழை எடுத்துச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாசித்தால் எனக்கு இரண்டாவது வளைவிலேயே தலை சுற்றும். இவளோ வண்டி திரும்பும்போது ஒரு மூச்சு நிறுத்தி, நேரானதும் விட்ட வரியிலிருந்து பிடித்துக்கொண்டாள். பதினேழு வளைவும் ஏறி மேட்டில் இறங்குவதற்குள் கதை முடிய வேண்டும் என்பது அந்த ஜீப்பின் சட்டம். இறங்கிவிட்டால் சோலி வந்துவிடும்.

அன்றைய கதை பதினைந்தாவது வளைவிலும் மழையை வர்ணித்துக்கொண்டிருந்தது. பதினேழும் முடிந்து ஜீப்பு நின்றது. ஆசிரியர் நான்தான் என்று தெரியாமலே, பக்கத்தில் இருந்த பேச்சியம்மா என்ற ஸ்டோர்க்காரப் பெண்மணி என்னிடம் முறையிட்டார்.

"மேடு வந்துருச்சுண்ணே, கதைக்காரன் இன்னும் கொடையக்கூட விரிக்கல!"

காற்று கொண்டுபோன பக்கம்

ஸ்டோரில் விசாரித்தால், முதல் இதழ் அந்தப் பேச்சியம்மாவிடமே இருந்தது! பழுப்புத்தாள் அட்டை போட்டு, துணியில் சுற்றி வைத்திருந்தார். அவசரமாகப் புரட்டினேன். கடைசித் தாள் இல்லை. அதில்தான் நான் எழுதிய கதையின் முடிவு இருந்தது. அந்தக் காலத்தில் ஜீப்பில் வாசிக்கும்போது ஒன்பதாவது வளைவில் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டதாம். முடிவு தெரியாமல் எப்படிக் காய் பொறுக்குவது? மதியச் சோற்று நேரத்தில் எல்லாருமாகக் கூடி ஒரு முடிவு கட்டி, நோட்டுத்தாளில் எழுதி, சாக்கு தைக்கும் ஊசியால் தைத்துவிட்டார்கள். என் கதையில் நாயகி கிணற்றில் விழுவாள் என்று பேச்சியம்மாவிடம் சொன்னேன். இவர்கள் கதையில் அவள் கிணற்றடியிலிருந்து நேராகப் பஸ்சு ஏறிப் போய்விடுகிறாள்.

வேறு வழியில்லை. பத்திரமாகத் திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்து, அப்படியே அனுப்பினேன், முடிவை மொழிபெயர்த்து ஒரு குறிப்போடு. பதிலோடு ஒரு படமும் வந்தது: இதழைக் கடைசிப் பக்கத்தில் விரித்துத்தான் வைத்திருக்கிறார்களாம், வருகிறவர்கள் அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்களாம். படத்தை எடுத்துக்கொண்டு மலையேறிக் காட்டினேன். ஸ்டோரே கைதட்டியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பேச்சியம்மா படத்தை இரண்டு தடவை உற்றுப் பார்த்தார்.

"கெணத்துல தள்ளியிருந்தீங்கன்னா அந்தப் புள்ள அமெரிக்கா வரைக்கும் போயிருக்குமாண்ணே?"

இத்தனை வருடம் எழுதி, திருத்தி, அச்சிட்டு நான் கண்ட பலன் இதுதான்: கண்ணாடிப் பெட்டி வரை போய்ச் சேர்ந்தது நான் எழுதாத அந்த ஒரே பக்கம்தான்.