தேய்த்த ஜாடி

விருதுநகரில் பக்கத்து வீட்டு டீச்சரம்மா, கணவர் இறந்த பின்னும் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுவார். அவர் இறந்த முதல் வருஷம் உதவப் போனேன். ஜாடியின் அடியில் கிடந்த போன வருஷ மண்டியை அழுக்கென்று நினைத்து வழித்துக் கொட்டினேன். புளி போட்டுத் தேய்த்து, கசக்கிய பழத்தை நானே நிரப்பினேன்.

பழத்தோலில் இருக்கும் ஈஸ்ட் முந்திக்கொண்டு நுரைக்குமாம். ஆல்கஹால் ஏற ஏற அது செத்துவிட, அதைத் தாங்கும் மண்டி ஈஸ்ட்தான் கடைசிவரை புளிக்கவைக்குமாம். என் மகளின் காலேஜ் புத்தகத்தில் பல வருஷம் கழித்துப் படித்தேன்.

எங்கள் ஜாடி நாலு நாள் நுரைத்து அடங்கி, கெட்டு நாறியது.

"போன வருஷ மண்டி கூட உள்ள கிடந்துச்சே! அவுக போனதோட என் கைராசியும் போச்சு, தாயி," என்றார் டீச்சரம்மா.

செய்தது அப்போதே உறைத்தது. ஆமாம், கைராசிதான் என்று தலையாட்டினேன்.