சம்பந்தி வீட்டுக்குப் போன கண்ணாடிக் கிளி

மகளின் தலைப் பொங்கலுக்கு என்ன வரிசை வைப்பீர்கள்? அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, பித்தளைப் பானை... எல்லாரும் வைப்பதுதான். எனக்கு அது போதவில்லை. இந்தப் பொங்கலுக்கு, சின்னசேலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகளுக்கு, என் கையாலேயே செய்த கலர் கண்ணாடிக் கிளி ஒன்றையும் சேர்த்து வைத்தேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

புதுச்சேரியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, சர்ச் ஜன்னல் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு வந்த வேலை இது. கலர் கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி, ஓரத்துக்கு ஈயப் பட்டை கொடுத்து, சால்டரிங் வைத்துப் பற்ற வைக்க வேண்டும். சொல்ல ஒரு வரி. செய்ய ஒரு மாதம் — பத்து விரலிலும் பிளாஸ்திரி. கிளியின் கழுத்து மட்டும் மூன்று முறை போயிற்று.

"ஒரு பொடவ எடுத்துக் குடுத்தா ஆவாதா?" என்றார் என் வீட்டுக்காரர். ஆகாது என்றேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பிய அன்று பார்த்து மறியல். இட ஒதுக்கீடு கேட்டு வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. வீட்டுக்காரரின் மொபெட்டில், கிளியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. பக்கத்திலேயே மறியல்காரர்கள்.

"இன்னாம்மா அது, மூட்ட?"

"கண்ணாடிங்க. பொண்ணுக்குத் தலப்பொங்கல் வரிச."

"வரிசய மறிக்கக் கூடாதுப்பா. அலுங்காம வாங்கி அந்தாண்ட குடு" என்றார் ஒருவர். சர்க்கார் ஜீப்பே போக முடியாத ரோட்டில், என் கிளி கை மாறிக் கை மாறி மரத்தைத் தாண்டியது. மொபெட்டையும் அவர்களே தூக்கிவிட்டார்கள்.

சம்பந்தியம்மா பிரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "எப்பிடிங்க செஞ்சீங்க?"

நான் சும்மா இருந்திருக்கலாம் இல்லையா? பெருமை விடவில்லை. "எல்லாம் ஒடச்சி ஒடச்சி ஒட்டுனதுங்க" என்றேன்.

அவ்வளவுதான்.

"நல்ல நாளும் அதுவுமா, ஒடஞ்ச கண்ணாடியவா வூட்டுக்குள்ள கொண்டாந்தீங்க?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமாகி ஆறு மாதம்தான். இனி அந்த வீட்டில் பால் திரிந்தாலும் பழி இவள் தலையில்தானே விழும்?

சம்பந்தியம்மாவே ஒரு வழியும் சொன்னார். "வரிசயத் திருப்பியனுப்பக் கூடாது. மாட்டுக் கொட்டாயில மாட்டிடலாம்."

வரும் வழியெல்லாம் அழுதேன். ஆசையாகச் செய்யப் போய், பெற்ற பெண்ணுக்கே வினை வைத்துவிட்டேனே!

நேற்று முன்தினம் மகள் வந்தாள். முகத்தில் சிரிப்பு.

"மாட்டுப் பொங்கல் அன்னிக்கிக் காலைல வெயில் ஏறுச்சிம்மா. கொட்டாயில கட்டியிருந்த வெள்ளப் பசு மேல பச்சையும் செவப்புமா வெளிச்சம். தெருவே வந்து பாத்துச்சி. 'எங்க மருமவளோட அம்மா செஞ்சது'ன்னு அத்த எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு நின்னாங்க."

நம் ஜனங்கள் சாஸ்திரத்தை மீற மாட்டார்கள். சுற்றிக்கொண்டு போக வழி மட்டும் கண்டுபிடித்துவிடுவார்கள்!

"இப்ப கூடத்து ஜன்னலுக்கும் ஒண்ணு வேணுமாம். 'ஒங்கம்மாவ வந்து அளவெடுத்துக்கினு போவச் சொல்லு. ஆனா, ஒடைக்கிறத அவங்க வூட்லயே ஒடச்சிக்கட்டும்'னாங்க."

உடைத்துக்கொண்டிருக்கிறேன்.