லக்கியின் விடுதலை விழா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, என் மனைவி பவானி கொழும்பு வெள்ளவத்தைக் கடலில் சேலையோடு இறங்கினாள்.

குளிக்க அல்ல. நேர்த்திக்கடனும் அல்ல. இடுப்பளவு தண்ணீரில் நின்று, மூக்குக்கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்ணீருக்குள் துழாவினாள். கரையில் எங்கள் தொடர்மாடியின் பெரிய மனிதர்கள் பதினைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் செருப்பைக் கழற்றவில்லை.

நான்? அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் ஒரு பொறுப்புத்தானே!

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாடியில் எதிர் வீட்டுக்காரர் பாலேந்திரன். மனைவி சுகந்தி. மகன் கனடாவில். அவன் போட்ட ஸ்பொன்சர் சரிவந்து இரண்டு பேருக்கும் விசா கிடைத்துவிட்டது. வீட்டுக்கு விலை பேசியாயிற்று. பிரிட்ஜ், கட்டில், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்தாயிற்று. மிச்சம் இருந்தது லக்கி மட்டும்தான்.

லக்கி ஓர் ஆமை. நட்சத்திர ஆமை என்பார்கள். கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருக்கும். மன்னார், வவுனியாப் பக்கத்துப் பற்றைக் காடுகளில் புல்லும் இலையும் தின்று திரிகிற தரை ஆமை. பிடித்து வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அது எப்படி வெள்ளவத்தையில் நாலாம் மாடிக்கு வந்தது? லிப்டில்தான். வேறெப்படி!

பதினொரு வருஷத்துக்கு முன் வாஸ்து பார்க்கிற ஒருவர் வந்து, ‘வடக்குப் பக்கம் உயிருள்ள ஆமை வையுங்கோ, குடும்பம் எழும்பும்’ என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஆமை வாசலைத் தாண்டினாலே குடும்பம் நாசம் என்று நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் ஆட்கள். வாஸ்து என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் பிளேட்டை மாற்றிவிட்டார்கள். வன்னிக்குப் போய்வருகிற ஒரு வான் சாரதி, அரிசிப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வருஷமே மகனுக்குக் கனடா சரிவந்தது. உடனே பெயர் வைத்தார்கள் — லக்கி!

யாருக்கு லக் என்று அந்த ஆமையிடம் யாரும் கேட்கவில்லை. வடக்குப் பக்க பல்கனி. எதிரே பத்து மாடிக் கட்டிடம். வெயில் அங்கே எட்டியும் பார்க்காது. சாப்பாடு, பால் விட்டுப் பிசைந்த சோறும் மாரி பிஸ்கட்டும். வெள்ளிக்கிழமைகளில் ஓட்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு. சிமெந்துத் தரையில் நாலு அடி போகும், நாலு அடி திரும்பி வரும். பதினொரு வருஷம்...

கனடாவுக்குக் கொண்டுபோக முடியாது. வனஜீவராசித் திணைக்களத்திடம் கொடுக்கலாம் — கொடுத்தால் கேள்வி கேட்பார்கள். அதனால் பாலேந்திரன் ஒரு யோசனை பண்ணினார். தொடர்மாடி வட்ஸ்அப் குரூப்பில் அழைப்பிதழே போட்டார். ‘எங்கள் செல்லம் லக்கியின் விடுதலை விழா. ஞாயிறு காலை, கடற்கரையில். அனைவரும் வருக.’ அதற்குக் கீழே இதயங்கள், கும்பிட்ட கைகள், கண்ணீர் விடும் முகங்கள். நானும் சும்மா இருக்கவில்லை... கட்டைவிரல் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன்.

பவானிக்கு அந்தக் குரூப் கிடையாது. ‘உதில கிடக்கிற குப்பையை வாசிக்க எனக்கு ஏலாது’ என்று எப்போதோ வெளியேறிவிட்டாள். முப்பது வருஷம் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவள். அன்று காலை நடைக்குப் போகிறபோது நான்தான் பேச்சுவாக்கில் சொன்னேன்.

“எங்க விடப்போகினம்?” என்றாள்.

“கடலிலதான்.”

நின்றாள். “கடலிலயோ? உங்களுக்கென்ன விசரோ? அது தரை ஆமை!”

அறுபத்தாறு வயதுக் கால்கள் ரயில் தண்டவாளத்தை அவ்வளவு வேகமாகத் தாண்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கற்பூரம் காட்டி முடிந்துவிட்டது. லக்கியின் கழுத்தில் — அதாவது கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் — ஒரு மல்லிகைச் சரம். மகன் கனடாவிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். பாலேந்திரன் ஒரு பாறையில் ஏறி நின்று, “போயிட்டு வா லக்கி!” என்று அலைக்குள் வீசினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

லக்கி போட்ட கல்லாகத் தாழ்ந்தது.

“ஐயோ ரீச்சர், விடுங்கோ! அது நீந்தப் போகுது. பழக்கமில்லாததால கொஞ்சம் தாழுது” என்று சுகந்தி கத்தினார். அதற்குள் பவானி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள்.

“இதுக்குத் துடுப்போ இருக்கு நீந்திறதுக்கு? கால் இருக்கு, கால்! பாலேந்திரன், உம்மைக் கொண்டுபோய் நடுக்கடலில தள்ளினா நீந்துவீரோ?”

“ஆமை எண்டா ஆமைதானே, ரீச்சர்...”

ஆமை எண்டா ஆமைதானே! அந்த மனிதர் கணக்காளர். லெட்ஜரில் ஒரு புள்ளி இடம் மாறினால் தூங்கமாட்டார். பதினொரு வருஷம் வீட்டில் வைத்திருந்த உயிர் தரையில் வாழ்வதா தண்ணீரில் வாழ்வதா என்று போனில் ஒரு தடவை தட்டிப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கடலில் எறிய மட்டும் நல்ல நேரம் பார்த்திருந்தார்.

எங்கள் சனத்துக்கு ஆமையில் இருக்கிற பாசம் கொஞ்சநஞ்சமா? பிள்ளைகளை வாகனத்தில் ஏற்றித் தெற்கே ஆமை முட்டையைக் குஞ்சு பொரிக்க வைக்கிற இடங்களுக்குப் போவோம். பிறந்து இரண்டு நாள் ஆன கடலாமைக் குஞ்சை உச்சி வெயிலில் உள்ளங்கையில் வைத்து போட்டோ எடுப்போம். காரின் பின்கண்ணாடியில் ஆமை ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதே காரின் பக்கக் கண்ணாடியை இறக்கிப் பிளாஸ்டிக் சொப்பிங் பையை வெளியே எறிவோம். அது தெருவோரக் கழிவுக் கானுக்குப் போய், கானிலிருந்து கடலுக்குப் போய், ஜெலிமீன், அதுதான் சொறிமுட்டை, என்று நினைத்து ஓர் ஆமை விழுங்கினால்... எங்களுக்கென்ன? நாங்கள்தான் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டோமே!

அன்றும் அப்படித்தான். விழாவுக்குப் பூக் கொண்டுவந்த சொப்பிங் பை, தண்ணீரில் பவானியின் சேலையைச் சுற்றி மிதந்தது. அவள் முதலில் எடுத்தது அதைத்தான். மூன்றாவது தடவை குனிந்தபோது லக்கி கையில் அகப்பட்டது. தலை தொங்கியது. கால்கள் தொங்கின. தலைகீழாகப் பிடித்தாள். வாயிலிருந்து தண்ணீரும் மணலும் வழிந்தன.

“ஓட்டோ ஒண்டு பிடியுங்கோ!” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அப்போதுதான் கைப்பையைக் கீழே வைத்தேன்.

தெஹிவளையில் மிருக வைத்தியம் பார்க்கிற ஒரு சிங்கள டொக்டர் இருக்கிறார். பெண். தமிழ் நன்றாகக் கதைப்பார். பாலேந்திரனும் சுகந்தியும் இன்னொரு ஓட்டோவில் பின்னாலேயே வந்துவிட்டார்கள். டொக்டர் லக்கியை வாங்கி, நெஞ்சுப் பக்கம் மெல்ல அழுத்தி, இன்னும் தண்ணீர் எடுத்தார். பத்து நிமிஷம் யாரும் மூச்சு விடவில்லை. லக்கியும் விடவில்லை. பிறகு ஒரு முன்னங்கால் அசைந்தது. பவானி அழுதாள். நானும்தான்.

“இது எங்க இருந்து வந்தது?” என்று டொக்டர் கேட்டார்.

“இண்டைக்குக் காலமைதான் கடற்கரையில கண்டெடுத்தனாங்கள்” என்றார் பாலேந்திரன். சளைக்காமல்!

டொக்டர் ஓட்டை விரலால் சுரண்டினார். மஞ்சள் வந்தது. மோந்து பார்த்தார். “கடல்ல மஞ்சள் பூசித்தான் அனுப்புறாங்களா?” என்றார்.

பிறகு எக்ஸ்ரே. ஓடு மேடு மேடாகக் கூம்பியிருப்பது வெயிலும் கல்சியமும் இல்லாததால் என்றார். ஓரத்தை அழுத்திக் காட்டினார் — அமிழ்ந்தது. உள்ளே எலும்பெல்லாம் அப்பளம்.

“நாங்கள் ஒரு குறையும் வைக்கேல்லை டொக்டர். பால்சோறு, பிஸ்கட்...” என்றார் சுகந்தி.

“உங்களை இருட்டு அறையில வச்சு பதினொரு வருஷம் பிஸ்கட் தந்தா எப்படி இருப்பீங்க?”

பதினொரு வருஷம் என்று டொக்டரிடம் யார் சொன்னார்கள்? பவானிதான். மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“காட்டிலயும் விட ஏலாது. நடக்கவே கஷ்டம். வீட்டில தொத்தின நோய் காட்டு ஆமைகளுக்குப் போகும்” என்றார் டொக்டர். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “முதல் ரெண்டு மூணு வருஷத்தில யாராவது கொண்டு வந்திருந்தா திருத்தியிருக்கலாம்.”

யாராவது.

அந்த ஒரு சொல் எனக்குத்தான். நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து ஒன்பது வருஷம். வந்த முதல் கிழமையே பவானி எதிர் வீட்டு பல்கனியில் லக்கியைக் கண்டாள். ‘இது வெயில் காயாட்டிச் செத்துப்போகும். யாருக்காவது சொல்லுங்கோ, உங்களுக்கு ஆக்களைத் தெரியும்தானே’ என்றாள். ‘எங்களுக்கேன் வில்லங்கம், பக்கத்து வீட்டுக்காரர்’ என்று நான்தான் சொன்னேன். அவள் ஒரு தடவை கீரைக்கட்டோடு போய் சுகந்தியிடம் சொல்லிப் பார்த்தாள். சுகந்தி அதைக் கடைந்து தங்கள் சோற்றுக்கு வைத்துவிட்டார்.

டொக்டர் வனஜீவராசித் திணைக்களத்துக்குப் போன் எடுத்தார். பாலேந்திரன் என்னை மூலைக்கு இழுத்தார். “அண்ணை, நீங்கள் பேப்பருக்கு எழுதிறனீங்கள். வாற ஆளோட ஒண்டு கதைச்சு விடுங்கோவன். என்ர பயணம்...”

எனக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

பவானிக்கு வரவில்லை. “பாலேந்திரன், உள்ளதைச் சொல்லும். பிழை உம்மில மட்டுமில்லை, பார்த்துக்கொண்டிருந்த எங்களிலயும்தான்” என்றாள்.

ஒரு மணி நேரத்தில் வனஜீவராசி அதிகாரி வந்தார். கையில் காட்போட் பெட்டி, கக்கத்தில் தாள்கள் வைத்த கோவை. பாலேந்திரன் எல்லாவற்றையும் சொன்னார். வாஸ்து, வான் சாரதி, அரிசிப் பை — எல்லாம். சொல்லி முடித்ததும் பெட்டிக்குள் கையை விட்டு லக்கியின் தலையைத் தடவினார். அந்த மனிதருக்கு அதில் பாசம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பாசத்தில்தான் அது சாகக் கிடந்தது.

லக்கி இப்போது திணைக்களத்தின் பராமரிப்பில் இருக்கிறது. வெயிலில் விடுகிறார்களாம். இலை தின்னப் பழகுகிறதாம். இன்னும் பல வருஷம் உயிரோடு இருக்குமாம் — அந்த முதுகோடு. பாலேந்திரனின் வழக்கு முடியவில்லை, டிக்கெட் தள்ளிப்போயிருக்கிறது. லிப்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்.

அவரைத் திட்டி இவ்வளவு எழுதிவிட்டேன். இனி மிச்சத்தையும் எழுதவேண்டும்.

அன்று அதிகாரி எங்கள் இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு தாளை நீட்டினார். பெயர், விலாசம், இந்தப் பிராணியை முதலில் எப்போது பார்த்தீர்கள்? பவானி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘ஒன்பது வருஷத்துக்கு முன்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். சேலையிலிருந்து இன்னும் கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

என் முறை. பேனை என்னிடம் வந்தது. வாராவாரம் ஊரையே வாரித் தள்ளுகிற கை. நான் எழுதினேன்: ‘இன்று காலை.’

அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். விலாசத்தை இன்னொரு தடவை பார்த்தார். “தென்னம எகம கெதரத?” என்றார் சிங்களத்தில் — இரண்டு பேரும் ஒரே வீடா என்று.

பவானி ‘ஓம்’ என்று தலையாட்டினாள். என் பக்கம் திரும்பவில்லை. அவர் தாள்களைக் கோவைக்குள் வைத்து மூடினார்.

அந்தக் கோவையை இனி நான் திறக்க முடியாது. ஆகவே திருத்தத்தை இங்கே போடுகிறேன்: ஒன்பது வருஷம்.